ராகு காலத்தில் போன கம்பஸ்

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே நாளில் ஒன்பது முடிவு எடுப்பேன். ஒன்பதும் வேறு வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில் தாதியர் படிப்புக்கு எனக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தது. கல்லூரியில் படித்தால் டிப்ளோமாவும் உடனே ஆஸ்பத்திரி வேலையும். பல்கலைக்கழகத்தில் படித்தால் பட்டம். (எங்கள் ஆட்களுக்கு அது ‘கம்பஸ்’. அதைச் சொல்லும்போது குரல் தானாக உயரும்.) அம்மாவுக்குக் கம்பஸ் வேண்டும். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்த அப்பாவோ, “கெதியா வேலைக்குப் போ பிள்ளை, பட்டத்தைப் பேந்து எடுக்கலாம்” என்பார். பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், நான் பார்க் நிலையத்தில் மெட்ரோ ஏறும்போது கம்பஸ், ஜான்-டலோனில் இறங்கும்போது கல்லூரி. இடையில் ஒரேயொரு நிலையம்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணி கடைசி நேரம். இணையத்தில் ஓரிடத்தை ஏற்று, மற்றதை மறுக்க வேண்டும். அன்று மதியம் இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்தேன். கல்லூரிக் கடிதத்தை மடிக்க முடிந்தது. கம்பஸ் கடிதத்தை மடிக்கக் கை வரவில்லை. எனக்கு அதுதான் வேண்டும் என்று முதல் தடவையாக நிச்சயமாகத் தெரிந்தது. அப்பாவும், “சரி, உன்ர விருப்பம்” என்று இறங்கி வந்தார்.

அப்போது மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அம்மா, “பொறு, திருநீறு பூசிக்கொண்டு வாறன்” என்று போனார். வரும்போது மூன்று ஐந்து.

“ஐயோ, ராகு காலம் துவங்கீட்டுது! நாலரை வரைக்கும் தொடாதை!”

“நாலரைக்கு எல்லாம் முடிஞ்சிடும் அம்மா!”

அப்பா கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். தொடர்பு கிடைக்கவே நாலு மணி தாண்டிவிட்டது. ஐயர் நிதானமாகச் சொன்னார்: “இப்ப கோடைகால நேரமெண்டு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியிருக்கெல்லே? ஒரு மணித்தியாலம் கூட்டிப் பாக்கோணும். ராகு காலம் நாலுக்குத்தான் துவங்கும்.”

அதாவது அவ்வளவு நேரமும் நல்ல நேரம். அதை மூன்று பேரும் சோபாவில் இருந்து பத்திரமாகக் கழித்திருக்கிறோம்.

“இப்ப பொத்தானை அமத்தாதை!” என்றார் அம்மா.

“அமத்து பிள்ளை, அமத்து!” என்றார் அப்பா.

மணி நாலு இருபத்தெட்டு. திரையில் இரண்டு பக்கங்களும் திறந்திருந்தன. அவசரத்தில் ஒன்றில் ‘மறுக்கிறேன்’, மற்றதில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினேன். முடிவு தெரிவித்தமைக்கு நன்றி என்றும், வேறு இடத்தில் என் படிப்பு சிறக்க வாழ்த்துகள் என்றும் பிரெஞ்சில் எழுத்து வந்தது. வாழ்த்தியது கம்பஸ்.

மறுநாள் காலை அப்பா லீவு போட்டுவிட்டு என்னைக் கம்பஸ் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அவரிடம் இருந்த பிரெஞ்சு ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான். அதை வைத்தே அரை மணி நேரம் மன்றாடினார். இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டதாம். வாசற்படியில் இருந்து விக்கி விக்கி அழுதேன்.

“நான்தானே ஐயருக்கு போன் அடிச்சனான். என்னைத் திட்டு” என்றார் அப்பா. கல்லூரிதான் வேண்டும் என்று நின்ற மனிதர் எனக்காகக் கம்பஸைக் கெஞ்சிக் கேட்டுவிட்டு, திட்டும் வாங்கத் தயாராக நின்றார். எனக்கு இன்னும் அழுகை வந்தது.

கல்லூரியில் படித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வேலை செய்துகொண்டே பட்டத்தையும் எடுத்தேன். மேடையிலிருந்து அங்கியோடு இறங்கியவளிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி: “இது உன்ர தானே? மாறி அமத்தி வேற ஆரின்ரை பட்டத்தையும் எடுத்துக்கொண்டு வரேல்லையே?”

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை என்னை லிஃப்ட் பொத்தானைக்கூடத் தொட விடுவதில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் இயந்திரங்களின் பொத்தான்களை அழுத்துவது நான்தான் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, முகம் தெரியாத என் நோயாளிகளுக்காக அம்மா செவ்வாய்தோறும் விளக்கேற்றி வருகிறார்.