ஒன்றரைக்கண் யானை

"அந்த ரூம்ல எலி இருக்கும்மா," என்றார் மீட்டர்காரர். சொல்லும்போதே குரல் கீச்சென்று எலி மாதிரிதான் வந்தது.

"எலிக்கு எதுக்குங்க தனி ரூம்? எனக்குக் கொடுங்க," என்றாள் மனைவி.

வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுவது அவர் வேலை. அதனால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். மனைவி துணிப் பொம்மை செய்கிறவள். சாப்பாட்டு மேஜை மேல் தையல் மிஷின், நாற்காலியில் பஞ்சு மூட்டை, சோபாவில் ஊசி. போன வாரம் அந்த ஊசி மேல் உட்கார்ந்துவிட்டு, பாவம், ரெண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

பொம்மை வேலைக்கு ஒரு ரூம் வேண்டும் என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவரும் பெரிய மனசு பண்ணி, "தாராளமா பண்ணிக்கோ. ஆனா என் சம்பளத்துல கை வைக்கக் கூடாது. பொம்மை வித்த காசுலதான் எல்லாம்," என்று சட்டம் போட்டிருந்தார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவள் பொம்மைகளை வாங்குகிற ஒரே ஆள் அவர்தான்.

எல்லாம் நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான். போன வருஷம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபேன்சி கடையில் முதல் முதலாகப் பொம்மைகளை விற்கக் கொடுத்தாள். மாசம் திரும்பியும் ஒன்றுகூடப் போகவில்லை. "எனக்குக் கைராசியே இல்லைங்க," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாளே போய், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கடைக்காரம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மொத்தத்தையும் வாங்கினார். சாக்கில் கட்டி, ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார். அன்று சாயங்காலம் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதுக்காகக் கடையையே எழுதி வாங்கலாம் போலிருந்தது.

ஆனால் அவள் அதோடு விட்டாளா? "இன்னும் கேக்கறாங்களாம்ங்க!" என்று குதித்தாள். மாசாமாசம் பொம்மை கடைக்குப் போனது. மாசாமாசம் இவர் பின்னாலேயே ஓடினார். வெளியே டீ குடிப்பதை நிறுத்தினார். பிய்ந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டார்.

ஒவ்வொரு தடவையும் அந்தக் குவியலில் ஒரு யானை இருக்கும். ஒரு கண் கறுப்புப் பட்டன், இன்னொரு கண் நீலப் பட்டன், ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். 'யானைக்கு மட்டும் இவளுக்குக் கண் வைக்கவே வராது போல,' என்று இரக்கப்பட்டு அதையும் சாக்கில் திணிப்பார்.

இப்போது அந்த ஸ்டோர் ரூமைத்தான் கேட்கிறாள். கதவு திறந்தால் அவளுடைய சிரிப்பு போச்சு.

எலிக்கு அவள் பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கி வந்தாள். அது ஸ்டோர் ரூம் வாசலில் கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டது.

"எலி இருந்தா இது இப்படித் தூங்குமா?"

"எதுக்கும்மா இந்த இருட்டு ரூம்? பால்கனி இருக்கே, ஜம்முனு காத்து வரும்," என்று அவர் தாவினார்.

காசு செலவில்லாமல் அவரே களத்தில் இறங்கினார். பழைய கதவை ரெண்டு ஸ்டூல் மேல் போட்டால் மேஜை. பழம் வந்த மரப்பெட்டிகளை அடுக்கினால் அலமாரி. காற்றும் ஜம்மென்றுதான் வந்தது. பெட்டி சரிந்து, பஞ்சு மூட்டை வாயைத் திறந்து, கீழ் வீட்டு வக்கீலின் ஈரத்துணி மேலெல்லாம் போய் இறங்கியது. வக்கீல் தன் கறுப்புக் கோட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அதில் கறுப்பைத் தேட வேண்டியிருந்தது.

"ஜட்ஜ் முன்னாடி நான் செம்மறி ஆடு மாதிரி போய் நிக்கணுமா, சார்?"

மீட்டர்காரர் உட்கார்ந்து ஒவ்வொரு பஞ்சாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

அடுத்தது படுக்கையறை மூலை. பீரோவை அவரே தனியாக நகர்த்தினார். அது ஒரு கால் உடைந்து, சாவகாசமாகச் சாய்ந்து, கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே அவர், வெறும் பனியனோடு. கடைசியில் அதே வக்கீல்தான் வந்து கதவை முட்டித் தள்ளினார். போகும்போது, "அக்கா, இவரைச் சும்மா இருக்கச் சொல்லி ஸ்டே வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"போதும்ங்க. ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுங்க," என்றாள் மனைவி.

"அது... தொலைஞ்சு போச்சும்மா." சாவி பனியனுக்குள் ஜில்லென்று உறுத்தியது.

"அவ்வளவுதானே!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவள், பூட்டு ரிப்பேர்காரரோடு திரும்பி வந்தாள். ரிப்பேர்காரர் பூட்டைப் பார்த்ததும் பழகின ஆளைப் பார்த்த மாதிரி சிரித்தார். அவள் முறைத்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். இதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா இருந்தார் மீட்டர்காரர்? அடுத்து என்ன பொய் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. அவள் முதல் சாக்கில் கை வைத்தாள்.

"இந்தாம்மா, ஒரு நிமிஷம். நான் செஞ்சதெல்லாம் உனக்காகத்தான்..."

சாக்கிலிருந்து பழைய பேப்பர் கொட்டியது. அடுத்த சாக்கிலும் பேப்பர். எல்லாவற்றிலும் பேப்பர்.

"இந்தக் குப்பைக்கா இவ்வளவு பெரிய பூட்டு?" என்று கேட்டுவிட்டு, அவள் விளக்குமாற்றை எடுத்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொம்மைகள் எங்கே என்று யோசித்ததும் மறுபடி போனது.

ஒரே வாரத்தில் ரூம் ஜொலித்தது. புது மேஜை, இழுப்பறைகள், டியூப் லைட், சுழல் நாற்காலி.

"எல்லாம் பொம்மைக் காசு! உங்க சம்பளத்துல ஒரு பைசா தொடலை, பாத்துக்கோங்க," என்று மனைவி பூரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அவருக்கு அது போதும்.

ரூமைப் பார்க்கக் கடைக்காரம்மா வந்திருந்தாள். மனைவி டீ போட உள்ளே போனதும் மீட்டர்காரர் அவளை ஓரமாக இழுத்தார்.

"அம்மா, மோசம் போயிட்டேன்! ஒரு வருஷமா வாங்கின அத்தனை பொம்மையும் திருடு போயிடுச்சு. போலீஸ்லயும் சொல்ல முடியல, இவகிட்டயும் சொல்ல முடியல."

கடைக்காரம்மா புது மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றரைக்கண் யானை உட்கார்ந்திருந்தது, ஒரு கண்ணால் அவரையும் ஒரு கண்ணால் அவளையும் பார்த்தபடி.

"திருடெல்லாம் இல்ல சார், அக்கா செஞ்சது மொத்தமே பத்துப் பொம்மைதான், அதையேதான் மாசாமாசம் உங்ககிட்ட வித்துக்கிட்டிருந்தோம்."