கற்பூரத்தை ஊதி அணைத்தவர்

ராயபுரம் பாலத்திலிருந்து எண்ணூர் கடைசி பஸ் ஸ்டாப் வரைக்கும் எவனும் நிம்மதியாக ஒரு பீடி பிடிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அரசாங்கம் சட்டம் எதுவும் போடவில்லை. எங்கள் குப்பைக் கம்பெனியில் ‘ஃபயர் சர்வீஸ்’ என்று ஒரு சூப்பர்வைசர் இருந்தார், அவ்வளவுதான்.

தீயணைப்புத் துறைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வியாசர்பாடி எம்.கே.பி. நகர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரைத் தினமும் வருகைப் பதிவேட்டில் எழுதியவன் நான்தான். இன்றைக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. அவரே ஒருமுறை கையெழுத்துப் போடும்போது ‘ஃபயர்’ வரைக்கும் எழுதிவிட்டு அடித்தார்.

அப்போது சென்னையில் சில பகுதிகளின் குப்பையைத் தனியார் அள்ளத் தொடங்கியிருந்த புதிது. எங்களுடையது சின்ன கம்பெனி. ஒரு குப்பைத் தொட்டியைக் காலி செய்ய ஒரு லாரி வேண்டும், நாலு ஆள் வேண்டும். கொளுத்த ஒரு தீக்குச்சி போதும். எனவே எங்கள் ஆட்கள் விடியற்காலையில் தொட்டிக்குத் தொட்டி தீ வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வந்து சாம்பலை அள்ளினால் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்கு ஒரு நடை மிச்சம். மேனேஜருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிகரெட் பிடிப்பார்.

ஃபயர் சர்வீஸுக்கு மட்டும் இது ஆகாது. ஏன் ஆகாது என்பதற்கு டிப்போவில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். சின்ன வயதில் குடிசை எரிந்துபோனது என்றான் ஒருவன். காதலித்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போய் ஹோமப் புகையில் உட்கார்ந்து அழுதவர் என்றான் இன்னொருவன். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

“அத்தெல்லாம் ஒரு இழவும் இல்ல நைனா. குப்பைய எடுத்துகினு போறதுக்குத்தான் நமக்கு சம்பளம். கொளுத்துறதுக்கு கம்பெனி எதுக்கு? ஒரு தீப்பெட்டி போதுமே!”

அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்கள். தண்ணீர்ப் பஞ்சம் பிடித்து ஆட்டிய வருஷங்கள் அவை. லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு அடித்துக்கொள்ளும்போது அதை எடுத்துப் போய்க் குப்பையில் ஊற்றினால் ஆளை அங்கேயே தொட்டியில் போட்டு மூடியிருப்பார்கள். எனவே அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவார். மீன் பெட்டிகளிலிருந்து உருகி வடியும் ஐஸ் தண்ணீரை இரண்டு குடத்திலும் பிடித்துக்கொண்டு கிளம்புவார். தீ அணைவது என்னவோ நிச்சயம். ஆனால் அணைந்த தொட்டியிலிருந்து நெத்திலி வாசம் புறப்படும். திருவொற்றியூர் பூனைகள் அத்தனையும் அவருடைய மொபெட் சத்தத்தைத் தெரிந்து வைத்திருந்தன.

புகை என்றால் அவருக்கு ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. முதலில் ஊற்று, பிறகு விசாரி. இஸ்திரி வண்டிக்காரர் கரியைப் பற்றவைத்து விசிறிக்கொண்டிருந்தார். இவர் பின்னாலிருந்து வந்து ஒரு குடம் ஊற்றிவிட்டார். தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகளில் பாதி, பக்கத்துத் தெரு பேங்க் ஆபீசருடையது. அன்றைக்கு முழுக்க கவுன்டரில் ஆட்கள் அவரைப் பார்த்து, “சார், மதியம் வஞ்சிரமா?” என்று விசாரித்தார்களாம். ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியல் பக்கத்தில் புகை வந்தது. அது பிரியாணி அடுப்பு. ஊற்றியாகிவிட்டது.

“யோவ்! இருநூறு பேருக்கு சோறுய்யா!” என்று பிரியாணி மாஸ்டர் பெரிய கரண்டியோடு துரத்தினார்.

“எல பக்கத்துல அடுப்ப வெச்சா நா இன்னாத்த கண்டேன்!” என்று கத்திக்கொண்டே மொபெட்டை மிதித்தவர், மறுநாள் அதே மாஸ்டருக்காக இலைக் குவியல் முழுவதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

லாரி இன்ஜினும் அவர் பார்வையில் ஒரு நெருப்புதான். எங்கள் லாரிகளின் பேட்டரி லட்சணத்துக்கு, அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதனால் டிரைவர்கள் இன்ஜினை ஓடவிட்டே நாஷ்டா சாப்பிடுவார்கள். இவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிவிடுவார். “இப்ப யாருய்யா தள்றது?” என்று டிரைவர் கத்தினால், “நான் தள்றேன். நான் தள்ளுனா புகை வராது” என்பார். தள்ளவும் செய்வார். கொடுங்கையூர் குப்பை மேட்டில், ஊரே பார்க்கும் அந்தப் புகைக்கு முன்னால், ஒரே ஒரு குடத்தோடு போய் நின்ற மகானுபாவர் அவர். ஊற்றிவிட்டு வந்து, “ஒரு மூலை அணைஞ்சிகீது நைனா” என்றார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவன்தான், என் மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிக்கும் வரை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். தெருமுனைத் தொட்டியில் தினமும் புகை. மகளுக்கு அப்போது இரண்டு வயது. விடிந்தால் நெஞ்சில் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும். “ஏங்க, நீங்க வேலை பாக்கிற கம்பெனிதானே நம்ம பிள்ளைய இந்தப் பாடு படுத்துது?” என்று கேட்டாள் என் மனைவி. டிப்போவில் பேச்சோடு பேச்சாக இதைச் சொல்லிவைத்தேன். மறுநாள் விடியலில் எங்கள் தெருமுனையில் மொபெட் நின்றது. அதற்கப்புறம் அவர் வராத நாளில்லை. எங்கள் தொட்டியில் புகையும் இல்லை, தெருவில் நெத்திலி வாசத்துக்குக் குறைவும் இல்லை. என் மனைவி அந்த நாற்றத்தைச் சந்தோஷமாகச் சகித்துக்கொண்டாள்.

ஆனால் போகி என்று ஒன்று இருக்கிறதே! ஒரு தொட்டி இல்லை, ஊரே கொளுத்தும். முந்தின வருஷ போகியன்று டயர் புகையில் பிள்ளையின் உதடு நீலமாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மார்கழி பாதியிலேயே மனைவி துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். “நான் ஊருக்குப் போறேன். இந்தப் போகியும் அப்படி ஆச்சுன்னா இவள இழந்துருவோம். திரும்பி வரமாட்டேன், நீங்க வேலையத் தேடிக்கிட்டு அங்க வாங்க” என்றாள்.

இதைக் கேட்ட ஃபயர் சர்வீஸ் நேரே மேனேஜரிடம் போனார். “போகிக்கு மொத நாளு சாயங்காலம் ஒரு லாரி குடு சார். கொளுத்துறதுக்கு முன்னாடி நாம வாங்கிக்கலாம்.”

“ஜனங்களே கொளுத்தி நம்ம வேலையைக் குறைக்கறாங்க. அதுக்கு நான் டீசல் போட்டு லாரி அனுப்பணுமா?” என்றார் மேனேஜர்.

இவர் வெளியே வந்தார். கேபின் வாசலில் ஒரு குடத்தை வைத்து, கையில் மக்கோடு நின்றுகொண்டார். மேனேஜர் சிகரெட்டை எடுத்தால் மக் உயரும். உள்ளே வைத்தால் மக் இறங்கும். பாத்ரூமுக்குள் போய்ப் பற்றவைக்கப் பார்த்தார். கதவுக்கு அடியில் மீன் வாசம் வந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் லாரி கிடைத்துவிட்டது.

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் லாரி நுழைந்தது. முன்னால் அவர், கையில் மைக். “பழைய பாயி, தலகாணி, டயரு, எல்லாத்தியும் எங்கையில குடு! கொளுத்தாதமே! தோ, அந்த வூட்டுப் பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது!” என்று எங்கள் வீட்டைக் கை காட்டினார். என் மனைவி வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போனாள்.

எதிர்வீட்டு மீன்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். “கொளுத்தாத போகி இன்னா போகி? எங்க வூட்டுப் பீடை லாரி ஏறியா போவும்?”

தெருவே ஆமாம் போட்டது. ஃபயர் சர்வீஸ் தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: “சரி, கொளுத்தணும். அவ்ளோதான? பாய்க்கு முன்னாடி தட்டுல கற்பூரம் கொளுத்துறேன். பீடை அதுல போவட்டும். பாயி லாரியில போவட்டும்.”

“கொளுத்துறது யாரு?”

“நான்தான்.”

தெரு மொத்தமும் சிரித்தது. அவர் தீப்பெட்டியைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. என் மனைவிதான் தட்டும் கற்பூரமும் கொண்டுவந்து கொடுத்தாள், எங்கள் பழைய பாயையும் முன்னால் போட்டாள். இரண்டு மூன்று குச்சிகளை உடைத்தார். ஒருவழியாகக் கற்பூரம் பற்றியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் தீபத்தையே பார்த்தார். அடுத்த நொடி,

“ஃபூ!”

அணைத்துவிட்டார்.

“அய்யய்யோ! கற்பூரத்த வாயால ஊதிட்டாம்மே!” என்று மீன்கார அக்கா போட்ட கூச்சலில் அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் விளக்கை அணைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். லாரியைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னார் ஒருவர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஃபயர் சர்வீஸ் தெரு நடுவில் கோயில் பக்கமாகத் திரும்பி, தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். “பழக்க தோசம் தாயே! வேணும்னு செய்யல தாயே!” ஐம்பது வயது மனிதர், மூச்சு வாங்க வாங்கப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, மீன்கார அக்காவைப் பார்த்துக் கை கூப்பினார்.

அவள் அவரையும் பார்த்தாள், என் பிள்ளையையும் பார்த்தாள். “கட்டு அவுந்துச்சு, உன்ன லாரியில ஏத்திடுவேன்” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்தாள்.

அப்புறம் என்ன! பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டு முன்னால் போக, வீட்டுக்கு வீடு கற்பூரம். ஒவ்வொரு தடவையும் துண்டுக்குள் அவர் கன்னம் உப்பும், அடங்கும். ஒரு வீட்டில் பாயின் மேல் வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் கிடந்தார். “அப்படியே சேத்து எடுத்துகினு போ” என்றாள் மனைவிக்காரி. “இது மக்குற குப்பையா, மக்காத குப்பையாமே?” என்று துண்டுக்குள்ளிருந்து அவர் அக்கறையாக விசாரித்தார். இரண்டொரு வீட்டில் சாஸ்திரத்துக்கு ஒரு துடைப்பக்கட்டையைக் கொளுத்தத்தான் செய்தார்கள். அவர் அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போகி விடிந்தது. எண்ணூர்ப் பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. எங்கள் தெருவில் எதிர்வீடு தெரிந்தது. மனைவி பிள்ளையின் மார்பில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்தேன். வாசற்படியில் ஃபயர் சர்வீஸ் குந்தியிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. எங்கள் கதவில்தான் அவரும் காதை வைத்திருந்தார்.

“இன்னாண்ணே, கூப்பிடக் கூடாதா?” என்றேன். அவரிடம் பேசிப்பேசி எனக்கும் அந்தப் பாஷை வந்திருந்தது.

“அந்த விசிலு சத்தம் வருதான்னு கேட்டுகினு இருந்தேன் நைனா. வர்ல. பாப்பா தூங்குது. எழுப்பாத.”

மனைவி எழுந்து வந்து, குனிந்து அவர் காலைத் தொட்டாள். மனிதர் அரண்டுபோய் மொபெட்டை நோக்கி ஓடினார்.

நாங்கள் ஊருக்குப் போகவில்லை. கம்பெனி பிறகு கைமாறியது, ஆட்கள் சிதறினார்கள், எம்.கே.பி. நகரில் தேடியும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. என் மகள் இப்போது சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கிறது. “கொஞ்சம் மெதுவாச் சிரிடி” என்று அவள் அம்மா அதட்டுவாள். நான் அதட்டியதே இல்லை. அவர் எங்கிருந்தாலும் அவர் காதுக்கும் அது எட்டட்டும் என்று விட்டுவிடுவேன்.