மேலாளருக்குப் பொறி தட்டிய வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக மனித குலம் மறக்கக்கூடாத நாள், அந்த அலுவலகத்தின் மேலாளருக்குப் பொறி தட்டிய நாள்தான். மூளையில் அல்ல, விரல் நுனியில். புதிதாக விரித்த கம்பளத்தில் ஷூவைத் தேய்த்தபடி நடந்துபோய்க் கதவின் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டார். சுரீர் என்றது.

எலக்ட்ரீஷியன் வரவழைக்கப்பட்டாள். இருபது வருடமாக அந்தக் கட்டடத்தின் ஒயர்களோடு குடித்தனம் நடத்துபவள். மெயின் சுவிட்சை அணைக்காமல் எதிலும் கைவைக்க மாட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘மெயின் அக்கா’.

“பயப்பட ஒண்ணுமில்ல சார். ஏசி காத்து வறட்சியா இருக்கு. கம்பளத்துல கால் உரசறப்போ உடம்புல கொஞ்சம் மின்சாரம் சேருது, இரும்பு பித்தளையத் தொட்டா இறங்கிடுது. மொதல்ல சாவியால தொட்டுட்டு அப்புறம் கைய வைங்க. சுரீர்னு இருக்காது.”

மேலாளரின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு பெரிய பதவிக்கு இவ்வளவு சின்னக் காரணமா?

“அப்படி லேசா விட்டுட முடியாதும்மா. குழு போடணும்.”

போட்டார்கள். பதினொரு பேர் கொண்ட ‘உயர்மட்ட மின்பாதுகாப்புக் குழு’. தலைமை எழுத்தர் அம்மா அதன் தலைவர். மின்சாரம் தெரிந்தவர்கள் ‘ஒருதலைப்பட்சமாக’ நடந்துகொள்ளக்கூடும் என்பதால் அக்காவுக்கு அதில் இடமில்லை.

முதல் கூட்டம் தொடங்கியது. ப்ரொஜெக்டர், காபி கெட்டில், குளிர்கிறது என்று இரண்டு ஹீட்டர், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். மூன்று முறை ஃபியூஸ் போனது. நான்காம் முறை போகவில்லை.

வெளியே, கூட்டம் முடிந்ததும் மாற்ற வேண்டிய பல்புகளை ஏணியில் நின்று எண்ணிக்கொண்டிருந்த அக்காவுக்கு அதுதான் சரியாகப் படவில்லை. ஏணியிலிருந்து இறங்குவதற்குள் ரப்பர் கருகும் வாசனை வந்தது. உள்ளே ஓடினாள். திரையில் கைப்பிடியின் படம் ஆளுயரத்தில் தெரிந்தது. அதற்குக் கீழே சுவரிலிருந்த பிளக் பாயிண்ட் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

“ஃபியூஸ்ல கை வச்சது யாரு?”

“நான்தான்” என்றார் தலைமை எழுத்தர், பெருமையாக. “கூட்டம் தடைபடக்கூடாது பாரு. தடிமனா ஒரு கம்பி எடுத்துச் சுத்திட்டேன். இனிமே போகவே போகாது.”

“அது போகாதும்மா. நீங்கதான் போவீங்க. அதிகமா இழுத்தா உருகி நம்மளக் காப்பாத்தத்தான் மெல்லிசா வச்சிருக்கு. இப்ப அதுக்குப் பதிலா சுவத்துக்குள்ள ஒயர் உருகுது.”

“குழுகிட்ட எழுத்து மூலமா குடும்மா” என்றார் மேலாளர்.

அக்கா எழுதவில்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினாள். இருட்டில் பிளக் பாயிண்ட் சூடு தாங்காமல் படீரென்று பிளந்து, புகைந்தபடி கீழே விழுந்தது. பதினொரு உயர்மட்டங்களும் மேலாளரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். அக்கா மணல் வாளியோடு உள்ளே போனாள். யாருக்கும் சிறு காயமும் இல்லை.

மறுநாள் விபத்து அறிக்கை தயாரானது. ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பக் குழு இரண்டு மணி நேரம் விவாதித்து, ஒருமனதாக ஒரே சொல்லை எழுதியது: ‘மின்சாரம்’.

சாட்சிக் கையெழுத்துக்காகத் தாள் அக்காவிடம் வந்தது. அந்தச் சொல்லை நிதானமாக அடித்துவிட்டு, பக்கத்தில் ‘நிர்வாகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.