முதல் ஏறு, பிறகு கேள்

வழி தெரியாதவன் தயங்கித் தயங்கி நடந்தால் அவன் மட்டும்தான் தொலைவான். வழி தெரியாதவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து தொலைவார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. (படித்ததே எட்டாம் வகுப்பு வரைதான்.) என் மூத்த மகள் தர்சிகாவைக் கம்பசில், அதாவது பல்கலைக்கழகத்தில், கொண்டுபோய் விட்ட அன்று செய்து பார்த்தே அறிந்துகொண்டேன்.

பிள்ளைகளே, நெடுந்தீவில் இருந்து நாளைக்கு நீங்களும் கம்பசுக்குப் போவீர்கள். கூட வருவேன் என்று உங்கள் அப்பாவும் ஒற்றைக்காலில் நிற்பார். அவரைச் சமாளிக்க உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கம்பசுக்கு எடுபட்ட முதல் ஆள் தர்சிகா. மலைநாட்டுப் பக்கம், கலைப்பீடம். செய்தி வந்ததும் என் மனைவி கண்டவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். ஆனால் அங்கே போய் இறங்கியதும் எந்தக் கதவைத் தட்டுவது, யாரைக் கேட்பது என்று சொல்ல எங்கள் சொந்தத்தில் ஒருவரும் இல்லை.

"ஏன், நான் இருக்கிறன் எல்லோ," என்றேன்.

எனக்கு இருந்த அனுபவம் மாடு வளர்த்ததும் படகு ஏறியதும்தான். எங்கள் தீவுக்குப் போகப் படகை விட்டால் வேறு வழி கிடையாது. பல தீவுகளுக்கும் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் துறையில் நின்று, "இது எப்ப வெளிக்கிடும், இடம் இருக்கோ?" என்று விசாரித்துக்கொண்டிருப்பவர் கரையிலேயே நிற்பார். முதல் ஏறு, பிறகு கேள். இது எங்கள் சட்டம். இன்னொன்றும் உண்டு. யாராவது ஒரு பிள்ளையைக் காட்டி, "பாத்துக்கொள்ளுங்கோ" என்றால் மறுக்கக்கூடாது. மறுகரையில் உரியவரிடம் கொடுத்த பிறகுதான் நம் சோலியைப் பார்க்கலாம்.

இந்த இரண்டு சட்டங்களோடும் ஒரு குடையோடும் மகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பஸ்ஸில் அவள் யன்னலோரம் இருந்தாள். வவுனியா தாண்டியதும் மெல்லச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஏலாது போல கிடக்கு. எல்லாரும் இங்கிலீசில கதைப்பினம். நான் ஊமை மாதிரி இருப்பன். திரும்பிப் போவமே?"

"ஒரு நாள் நிண்டு பார் பிள்ளை."

"சரி. பின்னேரமும் ஏலாதெண்டா உங்களோட வந்திடுவன். நீங்கள் மறிக்கக்கூடாது."

"மறிக்கமாட்டன்," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு கண் மூடவில்லை.

காலையில் கம்பஸ் வாசல் கேற்றடியில் திருவிழாக் கூட்டம். பெட்டியும் தலையணையுமாகப் பிள்ளைகள், அவர்களைவிடப் பயந்த முகத்தோடு பெற்றோர். பன்னிரண்டு மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள், பிந்தினால் இடம் பறிபோகும் என்று ஊரில் யாரோ சொல்லியிருந்தார். நான் வெள்ளைச் சேட்டும் கறுத்தக் காற்சட்டையும் போட்டு, பையில் ஒரு பேனை குத்தியிருந்தேன். (அதில் மை இல்லை. எடுப்புக்காக.) காவலாளி சிங்களத்தில் ஏதோ கேட்டார். இளவயதில் தென்பகுதிக் கடையொன்றில் வேலைக்கு நின்றவன் நான். ஆனால் என் சிங்களம் பருப்பு, சீனி, மண்ணெண்ணெயைத் தாண்டாது. ஆகவே பெரிய அதிகாரி போலத் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வழிவிட்டார்.

அதுதான் வினை. பார்த்துக்கொண்டு நின்ற ஒரு முல்லைத்தீவுத் தாய் ஓடி வந்தார்.

"சேர், இவன் குகன். எனக்கு ஊர் பஸ் போயிடும். இவனைப் பாத்துக்கொள்ளுங்கோ சேர்."

சட்டம் சட்டம்தானே. குகனை வாங்கிக்கொண்டேன். அடுத்து ஒரு தோட்டத் தொழிலாளி, தன் மகள் பவித்ராவை முன்னால் விட்டார். "நம்ம புள்ளயையும் கொஞ்சம் பாத்துக்குங்க சார்." அவளையும் ஏற்றுக்கொண்டேன். இதைக் கண்டு இன்னும் சிலர் ஒன்றும் கேட்காமலே என் பின்னால் வந்து நின்றார்கள்.

தர்சிகா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீங்கள் இங்க வேலை செய்யிற ஆள் எண்டு நினைக்கினம். இல்லையெண்டு சொல்லுங்கோ."

"முதல் ஏறுவம். பிறகு சொல்லுவம்."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மண்டபத்துக்குள் பிள்ளைகள் கூட்டமாக ஓடினார்கள். கூட்டம் ஓடினால் படகு வெளிக்கிடப் போகிறது என்று அர்த்தம். நான் குடையை உயர்த்தினேன்.

"பிள்ளையள், கெதியா வாங்கோ. ஆக்கள் முதல், பெட்டியள் பிறகு. நடுவில இருங்கோ. ஓரத்தில இருந்தா நனைவியள்."

மண்டபத்துக்குள் எப்படி நனைவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் போய் நடுவில் இருந்தார்கள்.

கதவு சாத்தப்பட்டது. ஒரு பேராசிரியர் வந்து விளக்கை அணைத்தார். திரையில் ஒரு மாடு தோன்றியது. முதலில் முழு மாடு. பிறகு பாதி மாடு. பிறகு குடல். கம்பஸ் படிப்பைப் பற்றி எனக்கு இருந்த பயமெல்லாம் அந்தக் கணத்தில் போய்விட்டது. (இதைத்தானே நாங்கள் வீட்டில் வளர்க்கிறோம்.)

"அப்பா," என்று காதுக்குள் சொன்னாள் தர்சிகா, "இது மாட்டு வகுப்பு."

"ஓம், நல்ல மாடு."

"இது மிருக வைத்தியருக்குப் படிப்பிக்கிற இடம். நாங்கள் கலைப்பீடம்."

"பொறு பிள்ளை. கடைசியில பதிவாக்கும்."

குகன் குனிந்த தலை நிமிராமல் குடலைக் கொப்பியில் கீறிக்கொண்டிருந்தான். பவித்ரா மெல்லத் திரும்பினாள். "அங்கிள், இங்க தமிழ் இலக்கியமும் சொல்லிக் குடுப்பாங்கதானே?"

"குடல் முடிய வரும்," என்றேன்.

அப்போது பேராசிரியரின் கண் என் நரைத்த தலையில் விழுந்தது. இங்கிலீசில் ஏதோ கேட்டார். எழும்பினேன். ஆபத்துக்கு உதவும் இங்கிலீசுச் சொல் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எங்கள் தீவுக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர்.

"டெல்ஃப்ட்," என்றேன்.

அவர் இன்னொன்று கேட்டார்.

"டெல்ஃப்ட், சேர். குறிகட்டுவானால வாறது."

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் எதிர்காலம் முழுவதும் என் குடைக்குக் கீழே.

பக்கத்தில் கதிரை அசையும் சத்தம் கேட்டது. தர்சிகா எழும்பியிருந்தாள். முன்கதிரையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு வந்த இங்கிலீசில், உடைத்து உடைத்துச் சொன்னாள்: நாங்கள் கலைப்பீடம், இடம் மாறி வந்துவிட்டோம், இவர் என் அப்பா, எங்கள் ஊரில் படகில் முதல் ஏறிவிட்டுத்தான் கேட்போம். (இதெல்லாம் பிறகு அவள் சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்கு விளங்கியது 'ஃபாதர்', 'போட்' இரண்டும்தான்.)

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நான் மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து, பிறகு பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழி காட்ட ஒரு மாணவனை வாசல் வரை அனுப்பினார். மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் ஏறி ஓடினோம். இப்போது முன்னால் தர்சிகா, கடைசியில் நான். ஒவ்வொரு சந்தியிலும் அவள் நின்று, எதிரே வந்தவரை மறித்துக் கேட்டுக் கேட்டுப் போனாள். பதிவு மேசையில் இருந்த தமிழ் அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் இப்பிடி நனைஞ்சு ஓடி வாறியள்? பன்னிரண்டுக்கு எங்களுக்குச் சாப்பாடு. பதிவு நாலு மணி வரைக்கும் இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடையைப் பார்த்தேன். விரிக்க மறந்திருந்தேன்.

பின்னேரம் விடுதி வாசலில் என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். மறிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே. "என்ன முடிவு பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் அந்தப் பக்கம் திரும்பி, "குகன்," என்று கூப்பிட்டாள். "எங்கட அப்பாவைப் பாத்துக்கொள்ளும். பஸ் வெளிக்கிடும் வரைக்கும் நில்லும். இல்லாட்டி வேற வகுப்பில போய் இருந்திடுவார்."

குகன் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், யன்னல் சீற்றில் இருத்தி, கண்டக்டரிடமும் ஒப்படைத்தான்: "அண்ணை, இவரைப் பாத்துக்கொள்ளுங்கோ."

நடந்ததைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில் அந்தக் கிழமை பிறந்த கன்றுக்குப் பெயர் 'புரொபெசர்' என்றாகிவிட்டது. "புரொபெசர் கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிட்டார், பிடியுங்கோ," என்று அவள் கத்தும்போது புதிதாய் வருகிறவர்கள் திகைத்துப்போவார்கள்.

பிள்ளைகளே, கம்பஸ் படகில்லை. உங்களை விட்டுவிட்டுப் போகாது. நின்று, கேட்டு, பிறகு ஏறுங்கள். தர்சிகா இப்போது கடைசி வருசம். புதுப்பிள்ளைகள் வரும் நாளில் கேற்றடியில் நின்று வழி சொல்வது அவள்தான். அப்பாமாரை மாட்டு மண்டபப் பக்கம் விடுவதேயில்லையாம்.

போன விடுமுறைக்கு அவளுடைய சினேகிதர்கள், அன்று என் குடைக்குப் பின்னால் வந்த அதே கூட்டம், எங்கள் வீட்டுக்கு வர வெளிக்கிட்டார்கள். மனைவி நண்டுக்கறி வைத்தாள். நான் துறையில் போய் நின்றேன். படகு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், இவர்களை மட்டும் காணவில்லை. போன் அடித்தது. குகன்.

"அங்கிள், குறிகட்டுவானில ஒரு படகு வெளிக்கிடப் பாத்தது. நீங்கள் சொன்ன மாதிரியே முதல் ஏறிட்டம்."

"நல்லது. இப்ப எங்க நிக்கிறியள்?"

"பிறகுதான் கேட்டனாங்கள். நயினாதீவாம்."

பின்னால் பவித்ராவின் குரல் கேட்டது. "அங்கிள், இங்க கோயில்ல சோறு போடுறாங்க. உங்க பாஷையில சொன்னா, குடல் முடிய வர்றோம்."