மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில்

என் குண்டுப் பையா,

லண்டனிலிருந்து உன் மனைவி சாவ் ஹா எழுதிக்கொள்வது. இங்கு நானும் நம் மகள் விங்கும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்து எழுத வேண்டும். செத்துப்போன மனிதனிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாததால் விட்டுவிட்டேன். கல்லறைத் திருநாளில் நம் வழக்கப்படி உனக்காக எரித்து அனுப்பிய காகிதக் கார் வந்து சேர்ந்ததா? ஒரு சக்கரம் மட்டும் காற்றில் பறந்து பக்கத்துக் கல்லறை வெள்ளைக்காரியிடம் போய் விழுந்தது. கேட்டு வாங்கிக்கொள். நீ எங்கே வாங்கப் போகிறாய்? "பரவாயில்ல, வெச்சுக்குங்க" என்று மீதி மூன்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவாய்.

இந்தக் கடிதத்தையும் எரித்துத்தான் அனுப்பப்போகிறேன். என் படிப்பு உனக்குத் தெரியும். தெரியாத எழுத்து வந்த இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன், நீயே நிரப்பிக்கொள். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. உன் குறட்டையைத் திட்டித் திட்டியே தூங்கிப் பழகியவள், இப்போது எதைத் திட்டித் தூங்குவது? சரி, அதை விடு. நல்ல செய்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

விங்கின் வங்கிக் கதை உனக்குப் பாதி தெரியும். பெரிய பணக்காரர்களின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த வங்கியில் கணக்கு எல்லாம் அவள் போடுவாள், கை குலுக்குவது மட்டும் வேறொருவன். வருஷா வருஷம் அவளுடைய மேலதிகாரி பார்ட்ரம் துரை கூப்பிட்டு உட்காரவைத்து, "உன் வேலை பிரமாதம். ஆனா உன்கிட்ட சண்டை போடற குணம் இல்லையே, டைரக்டர் பதவிக்கு அது வேணுமே" என்பார். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு பெரிய வேலைக்குத் தலைமை தாங்க அவளைத்தான் முதலில் கேட்டார். நம் பிள்ளை நாம் வளர்த்தபடி, "ஐயோ, நான் எதுக்கு, என்னைவிட ஆலிவர் நல்லாப் பண்ணுவார்" என்றாள். அவர் இன்னொரு தடவை கேட்டார். இவள் இன்னொரு தடவை மறுத்தாள். மூன்றாவது தடவையும் கேட்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு அவர் அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. எழுந்து போய் ஆலிவரிடம் கொடுத்துவிட்டார். ஆலிவர் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. இவளிடம் வேலை கற்ற பையன், இப்போது இவளுக்கு மேலே டைரக்டர்.

அதற்குப் பிறகு வங்கியே செலவு செய்து இவளுக்குத் தோரணை கற்றுக்கொடுக்க ஓர் அம்மாளை அமர்த்தியது. முழங்கையை அகலமாக விரித்து உட்கார வேண்டுமாம், அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேச வேண்டுமாம். வீட்டில் என்னிடம் பழகினாள். "சாப்பிட வாடி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் "இல்லம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்பாள். எதுவும் சொல்ல வரவில்லை. மறுநாள் கூட்டத்தில் முழங்கையை விரித்ததில் பார்ட்ரம் துரையின் காபி அவர் மடியிலேயே கொட்டியது. அப்புறம் ஆலிவர் கூட்டத்தோடு பீர்க்கடைக்குப் போனாள். பாதிக் கிளாஸ்தான், உன்னைப்போலவே முகமெல்லாம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. எதிரில் இருந்தவன் இவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பயந்து, ஒரு மாதமாக இழுத்தடித்த விஷயத்துக்கு அங்கேயே தலையாட்டிவிட்டான். அடடா, வழி கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் பார்ட்ரம் துரை கூப்பிட்டு, "நீ ரொம்ப உணர்ச்சிவசப்படறே" என்றார். சண்டை போடாவிட்டாலும் குற்றம், முகம் சிவந்தாலும் குற்றம். விங் என்னிடம் வந்து, "இந்தத் தடவையும் இல்லேன்னா நான் வேலைய விட்டுடறேம்மா. அப்பாவுக்குக் குடுத்த வார்த்தைய என்னால காப்பாத்த முடியல" என்றாள். டைரக்டர் ஆகி உன்னைத் தன் அறை நாற்காலியில் உட்காரவைக்கிறேன் என்று சொல்லியிருந்தாளே, அந்த வார்த்தை. நான் வெங்காயம் நறுக்காமலே அழுதேன்.

அப்போதுதான் ஹாங்காங்கிலிருந்து யுங் பெரியவர் வந்தார். ஊரெல்லாம் கிடங்கு வைத்திருக்கிறவர். அவருடைய பணம் தங்களுக்கு வந்தால் போதும் என்று அந்த வங்கி வருஷக்கணக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்தவர், "கணக்கு அப்புறம் பார்க்கலாம். அந்தக் கணக்கைப் போட்ட பொண்ணு எந்த வீட்டுப் பிள்ளைன்னு முதல்ல பார்க்கணும். அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு, சாப்பிடலாம்" என்றுவிட்டார். நம் தாக் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில்தான் விருந்து. உன் காய்கறி லாரி அத்தனை வருஷம் போய் நின்ற அதே வாசல். நான் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டேன், நீ தர்பூசணி என்று சொல்வாயே, அதேதான். பார்ட்ரம் துரை குச்சியால் சாப்பிடப் பழகிக்கொண்டு வந்திருந்தார். ஒரு வேர்க்கடலையோடு வெகுநேரம் போராடினார், கடலைதான் ஜெயித்தது.

இனிமேல்தான் விஷயமே. பெரியவர் உள்ளே நுழையும்போதே, பில்லை முந்திக்கொண்டு கட்டுவதற்காகத் தன் வங்கிக் கார்டைத் தாக்கின் கையில் திணித்ததை நான் பார்த்தேன், விங்கும் பார்த்தாள். வாசலிலேயே கொடுக்கிறவன் கத்துக்குட்டி, மீன் வந்த பிறகு சோறு வருவதற்குள் எழுந்து போகிறவன்தான் கெட்டிக்காரன் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. கார்டு கொடுத்தால் திரும்பி வந்துவிடும், கல்லாவுக்குள் விழுந்த நோட்டு திரும்பாது என்றும் சொல்லியிருக்கிறாய். மீன் வந்தது. விங் அதன் கன்னத்துச் சதையை மரியாதையாகப் பெரியவர் தட்டில் வைத்துவிட்டு, "பாத்ரூம் போயிட்டு வர்றேன்" என்று எழுந்தாள். சோறு வருவதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, உன் முகம் அப்படியே.

சாப்பாடு முடிந்து பெரியவர், "இன்னிக்கு என் செலவு" என்றார். பார்ட்ரம் துரை உடனே சிரித்து, "ரொம்ப நன்றி" என்றார்! ஒரு பேச்சுக்குக்கூட கையை நீட்டவில்லை. பெரியவர் முகம் ஆறிய வடைபோல ஆகிவிட்டது. எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம்போல இருந்தது. அப்போது தாக் வந்து, "பில்லு குடுத்தாச்சுங்க" என்றான். விங் பெரியவருடைய கார்டை எடுத்து அவர் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள்.

"என்ன அநியாயம் இது! நான் வயசுல பெரியவன்!" என்று அவர் எழுந்துவிட்டார். "நீங்க எங்க ஊருக்கு வந்த விருந்தாளி, யுங் மாமா!" என்று இவளும் எழுந்தாள். அவர் கட்டு நோட்டை இவள் கோட்டுப் பைக்குள் திணிக்க, இவள் அதை எடுத்து அவர் பைக்குள் திணிக்க, அவர் இவள் மணிக்கட்டைப் பிடிக்க, இவள் அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உக்காருங்க மாமா! எங்கம்மா பார்த்துக்கிட்டிருக்கும்போது நீங்க காசு குடுத்துட்டா, நாளைக்கு நான் இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்?" என்று கத்தினாள். ஒரு நாற்காலி விழுந்தது. பார்ட்ரம் துரை வெளுத்துப்போய் என்னிடம், "போலீசைக் கூப்பிடணுமா?" என்று கேட்டார். "சும்மா இருங்க, நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு" என்றேன்.

கடைசியில் பெரியவர் மூச்சு வாங்க உட்கார்ந்து, விழுந்து விழுந்து சிரித்தார். "யார் பொண்ணும்மா நீ?" என்றார். "காய்கறி லாரி லாம் கெங் பொண்ணு" என்றாள். வங்கி பேரைச் சொல்லவில்லை குண்டா, உன் பேரைச் சொன்னாள். பெரியவர் பார்ட்ரம் துரையிடம் திரும்பி, "அடுத்தவன் காசு வெளிய போகாம இப்படி மல்லுக்கட்டறவகிட்டதான் என் காசைக் குடுப்பேன். இவ பார்த்துக்கிட்டா சரி, வேற ஆள்னா நான் கிளம்பறேன்" என்றார்.

வெளியே வந்ததும் பார்ட்ரம் துரை, "இத்தனை வருஷமா இந்தச் சண்டையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார். "நீங்க ஒரு தடவைகூட பில்லுக்குக் கை நீட்டினதில்லையே, நான் யார்கூடச் சண்டை போடறது?" என்றாள்.

திங்கட்கிழமை கூப்பிட்டு டைரக்டர் பதவி என்றார்களாம். இவள் பழையபடி மறுத்துத் தொலைப்பாளோ என்று நான் பயந்தேன். முதல் தடவையிலேயே "சரி" என்று சொல்லிவிட்டாள். உன் மகள் மரியாதை கெட்டவள் ஆகிவிட்டாள், எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் அவர்கள் வாய்க்கு வரவில்லை என்று வின்னி, வின்னி என்று கூப்பிட்டார்களே, இனி விங் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். துரை பழகிக்கொண்டிருக்கிறார், கடலையைவிடச் சுலபமாகத்தான் இருக்கிறதாம். அவள் அறை நாற்காலியில் உன் போட்டோவை வைத்து ஒரு நாள் முழுக்க அவள் நின்றே வேலை பார்த்தாள். உன் மகள் ஜெயித்துவிட்டாள் குண்டா. தனியாகவே ஜெயித்தாள், யாருடைய தயவும் இல்லாமல்.

குளிராக இருந்தால் காகிதக் கோட்டைப் போட்டுக்கொள், எரித்தது வீணாகக் கூடாது. அங்கே இருக்கும் என் மாமியாருக்கு வணக்கத்தைச் சொல். என்னைப்பற்றி அவர் சொல்வது எதையும் நம்பாதே. உனக்குப் பிடித்த விஸ்கியும் இதோடு வருகிறது, காகிதம்தான், அளவாகக் குடி.

இப்படிக்கு,
உன் தர்பூசணி

பி.கு.: தனியாக ஜெயித்தாள் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிட்டுப் படி. கடிதத்தை எரிப்பதற்கு முன்னால் இன்றைக்குத் தாக் கடைக்கு வாத்து வாங்கப் போனேன். தாக் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அன்றைக்கு விங் கல்லாவில் போட்ட நோட்டுகளை அப்படியே என் கையில் திணித்தான். நான் தள்ளினேன், அவன் திணித்தான், வாத்து கீழே விழுந்தது. "அண்ணி, சண்டை போடாதீங்க. அந்த விருந்துக்கு அண்ணன் எப்பவோ குடுத்துட்டார். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அன்னிக்கு வழியில வந்து குடுத்தார். 'என் பொண்ணு ஒருநாள் ஆபீஸ் ஆளுங்களோட இங்க வருவா, பில்லுக்குச் சண்டை போடுவா. போடட்டும், ஜெயிக்கட்டும். அவ காசை மட்டும் தொடாதே'ன்னார். வாய் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார், என்னால அடக்க முடியல" என்றான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன டாக்சியில் நானும்தானே உட்கார்ந்திருந்தேன், கடன்காரா! பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லித்தானே இறங்கினாய்? நடக்க முடியாத மனிதன், தனியாகத்தான் போவேன் என்றாயே! விங்கிடம் சொன்னேன். "அப்பா என்னை ஏமாத்திட்டாரும்மா" என்று ஒரு கண்ணில் அழுது ஒரு கண்ணில் சிரித்தாள். தோற்றவர்கள்தான் அடுத்த விருந்து வைக்க வேண்டும், நீ வைத்த சட்டம். இப்போது எங்கள் முறை. மீனும் சொல்லிவிடுவேன், மேஜையும் பிடித்துவிடுவேன். பில்லு வரும்போது உன் கையைப் பிடித்துத் தள்ள நான் எங்கே வரட்டும், குண்டா?