கணினிக்குள் பால் காய்ச்சிய கதை

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியில்லை. நாங்கள் வருடக்கணக்காக மூலைக் கதிரையில் வாய்மூடி இருப்போம். பிறகு என்றோ ஒருநாள் எங்கிருந்தோ தைரியம் வந்து எழும்புவோம். எழும்புகிற அந்த நாள் எப்போதும் பிழையான நாளாகவே அமையும். நான் எழும்பிய நாளில் ஒரு மாடிவீடு எரிந்து போனது.

(பொலிஸ் கேஸ் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.) அது கணினிக்குள் இருந்த வீடு. ஆனாலும் மூன்று பிள்ளைகள் ஒரு பள்ளித் தவணை முழுக்க மினக்கெட்டுக் கட்டிய வீடு. அவர்களில் ஒருத்தி என் மகள் மதுரி.

அது 2012ஆம் ஆண்டு. புலம்பெயர்ந்து வந்து மல்கிரேவ் என்ற புறநகரில் வாடகைக்கு இருந்த நாங்கள் நோபல் பார்க்கில் ஒரு சிறிய வீடு வாங்கி வந்திருந்தோம். மதுரிக்குப் பதினான்கு வயது. பழைய சிநேகிதிகளைப் பிரிந்து புதிய பள்ளிக்கூடம் போனவள், தினமும் சாப்பாட்டுப் பெட்டியைப் பாதியோடு திருப்பிக் கொண்டு வந்தாள்.

“ஏன் பிள்ளை, சோறு பிடிக்கேல்லையோ?”

“லைப்ரரியிலை சாப்பிட விடமாட்டினம் அம்மா. அதுதான் ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிடுறனான். ரைம் காணாது.”

நூலகத்தில் ஏன் சாப்பிடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நானும் பள்ளிக்கூடத்தில் மாமரத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்டவள்தான். என்னிடமிருந்து அவளுக்கு நீளமான தலைமுடி போயிருக்கலாம், சமையல் கைப்பக்குவம் போயிருக்கலாம். போனது இந்தக் கூச்சம்.

அப்படி இருந்தவள் ஒருநாள் பள்ளியின் கணினிக் குழுவில் சேர்ந்தாள். பிறகு வீட்டில் இரண்டு பெயர்கள் கேட்கத் தொடங்கின. லின், ஸோரா. லின் வியட்நாமியப் பெற்றோரின் பிள்ளை, வாய் ஓயாதவள். ஸோரா ஆப்கானியப் பிள்ளை, பேச்சுக் குறைவு, சிரிப்பு அதிகம். மூன்று பேரும் சேர்ந்து, சதுரக் கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற ஒரு விளையாட்டில் வீடு கட்டுகிறார்களாம். அந்த உலகத்தில் எல்லாமே சதுரம். மரம் சதுரம், மாடு சதுரம், சூரியன்கூடச் சதுரம். சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாகத் திரும்பி வரத் தொடங்கியது. சூரியன் முக்கோணமாக இருந்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

தவணை முடிவில் பெற்றோருக்கு ஒரு மாலை நிகழ்ச்சி வைப்பதாக ஆசிரியை அறிவித்திருந்தார். பிள்ளைகள் கட்டியவற்றைப் பெரிய திரையில் காட்டுவார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு தாயோ தகப்பனோ மவுஸைப் பிடித்து அந்த வீட்டைச் சுற்றி நடந்து காட்ட வேண்டும். லின்னின் பெற்றோருக்குக் கடையில் வேலை. ஸோராவின் தகப்பன் கணினியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

“நீங்கள் செய்வீங்களோ அம்மா?” என்று மதுரி கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்டு நீண்ட காலம். “ஓம்” என்று சொல்லிவிட்டேன்.

வேலையால் வந்ததும் பாடம் தொடங்கும். (முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. விரிப்புகளைச் சதுரமாக மடித்துப் பழகியவளுக்கு இந்த விளையாட்டு வராமல் போகுமா என்று ஒரு திமிரும் இருந்தது.) மதுரி நல்ல ஆசிரியை. “நிண்ட இடத்துக்குக் கீழை நேராத் தோண்டாதைங்கோ, குழிக்குள்ளை விழுவீங்கள்.” “உயரத்திலை கட்டேக்கை ஷிஃப்டை அமத்திக் கொண்டு நில்லுங்கோ, விளிம்பாலை விழமாட்டீங்கள்.” “சுவரை ஒரே கட்டையாலை கட்டினால் பெட்டி மாதிரி இருக்கும். மூலைக்கு வேறை மரம் போடுங்கோ.” “சுத்திவரப் பந்தம் குத்தி வையுங்கோ, இருட்டு இருந்தால் பேய் வரும்.”

என் கணவர் இடையிடையே எட்டிப் பார்ப்பார். “என்னப்பா, இண்டைக்கு இரவுச் சாப்பாடும் உந்தப் பெட்டிக்குள்ளையோ?”

அவர்களுடைய வீட்டை மதுரி எனக்குக் காட்டியபோது ஒரு குறை கண்ணில் பட்டது. “கூரையை நாலு பக்கமும் ஒரு கட்டை வெளியாலை தள்ளிப் போடு பிள்ளை. மழை சுவரிலை அடிக்கும்.”

“இதிலை மழை உள்ளுக்கு வராதம்மா.”

“வராட்டிலும் பரவாயில்லை. வீடெண்டால் தாழ்வாரம் வேணும்.”

வேண்டாவெறுப்பாகப் போட்டுப் பார்த்தாள். சுவரில் ஒரு நிழல் விழுந்தது. அதுவரை அலுமாரி போல் நின்றது திடீரென்று வீடாகிவிட்டது. மறுநாள் லின், இது யாருடைய யோசனை என்று கேட்டாளாம். அன்று முதல் பள்ளிக்கூடத்திலிருந்து கேள்விகள் வரத் தொடங்கின. ஜன்னல் எந்த உயரம் என்று அன்ரியைக் கேள். படிக்கட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று அன்ரியைக் கேள். ஓ.எல். பரீட்சையில் கணிதத்தைத் தாண்ட முடியாமல் படிப்பை விட்டவள் நான். பெயருக்குப் பின்னால் என்ஜினியர் என்று போட்டுக்கொள்ளாத குறைதான்.

ஒருநாள் மதுரி இன்னொரு பாடம் தொடங்கினாள். “அம்மா, மரவீட்டுக்குள்ளை முக்கியமாச் செய்யக் கூடாதது என்னெண்டால்…” அந்த நேரம் பார்த்து குசினியில் சொதி கொதித்துத் திரையப் போனது. நான் எழும்பி ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் வேறு கதைக்குப் போயிருந்தாள். நானும் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மல்கிரேவ் வீட்டுக்கு நாங்கள் பால் காய்ச்சாமல் குடிபோனவர்கள். சாமான் ஏற்றிய அவதியில் பாலை மறந்துவிட்டோம். அந்த வீட்டில் இருந்த காலத்தில் சலவை இயந்திரம் பழுதானது, கார் இடிபட்டது, இவருடைய முழங்கால் பிசகியது. (முழங்கால் கிரிக்கெட் விளையாடப் போய்ப் பிசகியது என்பது வேறு விஷயம்.) எனவே பால் காய்ச்சாத வீடு நிலைக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிள்ளைகளின் வீடு நிலைக்காவிட்டால் போகட்டும். அந்தச் சிநேகிதம் நிலைக்க வேண்டுமே! அதுதான் என் மனதைப் போட்டு அரித்தது.

எனக்கு வேலையில்லாத ஒருநாள், மதுரி பள்ளிக்குப் போன நேரத்தில் தனியாக ஒத்திகை பார்த்தேன். வாளியோடு மாட்டுக்குக் கிட்டப் போய் மவுஸை அமர்த்தினால் பால் வந்துவிடும். தீக்கல்லால் தரையில் அமர்த்தினால் நெருப்பு வந்துவிடும். சூரியன் எழும் பக்கத்தைப் பார்த்து, பால் வாளியோடு நெருப்புக்கு முன்னால் நின்று, மனதுக்குள் பிள்ளையாரை நினைத்துக் கும்பிட்டேன். ஒரு சிக்கலும் வரவில்லை. ஏனென்றால் நான் ஒத்திகை பார்த்தது கல்லுத் தரையில்.

அந்த மாலை வந்தது. பள்ளிக்கூடத்துக் கணினி அறை நிறையப் பெற்றோர். இவரும் வந்து பின்வரிசையில் இருந்தார். எனக்கு முன் காட்டிய தகப்பன்மார் எல்லோரும் ஏதோ விமானம் ஓட்டுகிறவர்கள் போல் விறுவிறென்று காட்டினார்கள். எங்கள் முறை வந்ததும் நான் போய் அமர்ந்தேன். மூன்று பிள்ளைகளும் என் கதிரைக்குப் பின்னால் நின்றார்கள். திரையில் வீடு எழும்பி நின்றது. பலகைச் சுவர், பலகைத் தரை, மாடியில் இளஞ்சிவப்புக் கம்பளி ஒட்டிய அறை, நாலு பக்கமும் தாழ்வாரம். சனம் “ஆ” என்றது. லின், “தாழ்வாரம் அன்ரியுடைய யோசனை” என்று எல்லோருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னாள். அங்கேதான் எனக்குப் பித்தம் ஏறியது.

நேரே முன்கதவுக்குப் போக வேண்டிய நான், பின்பக்கத்து மாட்டுப் பட்டிக்குத் திரும்பினேன்.

“அம்மா, எங்கை போறீங்கள்? கதவு இஞ்சாலை.”

“பொறு பிள்ளை, ஒரு அலுவல்.”

பால் எடுத்தேன். வீட்டுக்குள் வந்தேன். குசினிப் பெட்டியைத் திறந்து தீக்கல்லை எடுத்தேன். கூடத்தின் நடுவில் நின்று கிழக்குப் பார்த்துத் திரும்பினேன். இத்தனை சனத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டாமா? வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தின் முன் ஆங்கிலத்தில் பேசினேன். “நியூ ஹவுஸ். மில்க். குட் லக்.”

பேசி முடித்த தைரியத்தோடு தரையில் தீக்கல்லை அமர்த்தினேன்.

“அம்மா, நோ!”

பந்தம் சுவரெங்கும் குத்தியிருந்தோம், ஒரு துரும்பும் எரிந்ததில்லை. நெருப்பு இந்த உலகத்தில் சாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு கணம் அழகாக ஒரு சின்னச் சுவாலை. சனம் கைதட்டியது. பிறகு அது பக்கத்துப் பலகைக்குப் போனது. அங்கிருந்து படிக்கட்டுக்கு. படிக்கட்டால் மாடிக்கு ஏறிக் கம்பளியைப் பிடித்ததும் கைதட்டல் நின்றுவிட்டது.

“வாட்டர்! வாட்டர்!” என்று லின் கத்தினாள். தண்ணீருக்கு எங்கே போவது? கையில் இருந்தது பால். பாலென்றால் என்ன, அதுவும் ஈரம்தானே? நெருப்பைப் பார்த்து வாளியைக் குறிவைத்து, ஊற்றுவதற்காக மவுஸை அமர்த்திப் பிடித்தேன்.

அந்த விளையாட்டில் பாலை ஊற்ற முடியாதாம். குடிக்கத்தான் முடியுமாம்.

பெரிய திரையில், சுற்றிவர வீடு எரிய, நான் வாளியைத் தூக்கிப் பாலைக் குடித்தேன். ஒலிபெருக்கியில் மடக் மடக் என்று சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பதற்றத்தில் விரலை எடுக்கவும் தோன்றவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தேன். அதன் பிறகு கூரை போனது.

பின்வரிசையில் யாரோ ஒருவர் விக்கி விக்கி இருமினார். என் கணவர்தான். அது இருமல் இல்லை என்பது எனக்குத் தெரியும். பழையபடி திருப்ப முடியாதா என்று ஆசிரியையைக் கேட்டேன். நடப்பதை எல்லாம் விளையாட்டு உடனுக்குடன் பதிந்துவிடும் என்று மெல்லச் சொன்னார். கல் அத்திவாரம் மட்டும் நிலத்தில் மிஞ்ச, கண்ணாடி ஜன்னல்கள் சுவரில்லாமல் ஆகாயத்தில் தொங்கின. நான் திரும்பிப் பார்த்தேன். லின்னின் வாய் முதல்தடவையாக மூடியிருந்தது. ஸோரா சிரிக்கவில்லை. மதுரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் பாதி வழியில் பின்இருக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

“ஏனம்மா குடிச்சனீங்கள்?”

“நான் குடிக்கேல்லைப் பிள்ளை. ஊத்தத்தான் பாத்தனான்.”

“சரி, விடு பிள்ளை,” என்றார் இவர். “அம்மாவுக்குக் களைப்பு. வீடு எரிக்கிறதெண்டால் லேசுப்பட்ட வேலையே?”

மதுரி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துச் சாப்பாடு கட்டினேன். நாள் முழுக்க விரிப்புகளை மடித்தபடி அவளை அந்த நூலக மூலையில் கண்டுகொண்டே இருந்தேன். ஒரு பிள்ளைக்குக் கிடைத்த முதல் இரண்டு சிநேகிதிகளைத் தீ வைத்து அனுப்பிய தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெட்டி பாதியோடு திரும்பி வந்தால் என்ன சொல்வதென்று வேலை முடியும்வரை யோசித்தேன்.

பின்னேரம் கதவைத் திறந்தால் மூன்று பேர் நின்றார்கள்.

“அன்ரி,” என்றாள் லின். “ஸோராவின் அம்மா கேட்கச் சொன்னா. பால் பொங்கினால் நல்லதா, பொங்காவிட்டால் நல்லதா?” (இதை அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நான் தமிழில் விளங்கிக்கொண்டேன்.)

பொங்கி வழிந்தால்தான் நல்லது என்று கையால் காட்டினேன். ஸோராவுக்குச் சிரிப்பு வந்தது. நிகழ்ச்சிக்கு வந்திருந்த தன் தகப்பன் அன்றிரவு வீட்டில் வெறும் வாளியைத் தூக்கிக் குடித்துக் குடித்து நடித்துக் காட்டினார் என்றாள். அவர் சிரித்து வெகுகாலமாம். மதுரி அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அம்மா, திரும்பக் கட்டப் போறம். இந்த முறை கல்லாலை. சாப்பிட என்ன இருக்கு?”

பெட்டியைத் திறந்து பார்த்தேன். வழித்துத் துடைத்தது போல் வெறுமை. யாருக்கும் தெரியாமல் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வடைக்கு மாவைக் குழைத்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ‘பால் குடிக்கிறது’ என்பதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் கார் நின்று புகை வந்தபோது இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அப்பா பால் குடிக்கிறார்” என்றாள் மதுரி. விமானத்துக்கு நேரமாகிவிட்ட நிலையில் நான் தலைபின்னினால், “அம்மா, பாலைக் குடிச்சது காணும், வாங்கோ” என்பார்கள். ரோவிலில் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் அவர்களும் சொல்கிறார்கள்.

சென்ற வருடம் லின் கலியாணம் செய்து ஒரு வீடு வாங்கினாள். குடிபோகும் நாளுக்கு முன்பு தொலைபேசியில் அழைத்தாள். அவர்களுடைய வழக்கப்படி செய்ய வேண்டியதெல்லாம் அவளுடைய அம்மா செய்வாவாம். பால் மட்டும் நான் வந்து காய்ச்ச வேண்டுமாம். போனேன். புது அடுப்பு, புதுப் பானை. மதுரியும் ஸோராவும் தீயணைக்கும் சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு முகத்தை இறுக்கியபடி நின்றார்கள். லின்னின் கணவன் பாவம், ஒன்றும் விளங்காமல் எல்லோரையும் பார்த்தான்.

அடுப்பைப் பற்றவைக்கப் போன நான், முதலில் சுவர்களைச் சுற்றிப் பார்த்தேன். லின் பக்கத்தில் வந்து சுவரைத் தட்டிக் காட்டினாள்.

“டோன்ட் வொறி அன்ரி. இட்ஸ் பிரிக்.”