மாப்பிள்ளையின் கை மேலே போகவில்லை

வேர்க்காத உடற்பயிற்சியை உடற்பயிற்சி என்றே ஒப்புக்கொள்ளாத ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். அந்தக் கட்சியில் இருந்து நான் கண்ட பலன் என்னவென்றால், என் கல்யாண வீடியோவில் என் மனைவிக்கு என் அக்கா தாலி கட்டுகிறாள்.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. நான் லுணுகலை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணம் நிச்சயமானதும், வீட்டுக்குப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

"ஆள் வச்சு அடிச்சுக்கலாம்டா" என்றாள் செல்வி அக்கா.

பெயின்ட் விற்கிற கடையில் வேலை செய்கிறவன் ஆள் வைப்பானா? (விற்பது வேறு, அடிப்பது வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது.) மேசைமேல் ஏறி நின்று, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே, கூரைப் பலகையில் தொடங்கிச் சுவர் வரைக்கும் நானே அடித்து முடித்தேன். வீடு பளபளவென்று ஆனது. மறுநாள் காலையில் சட்டை போடக் கையைத் தூக்கினேன். நெஞ்சுக்கு மேலே வரமாட்டேன் என்று கை அடம் பிடித்தது.

பஸ் பிடித்துப் பதுளைக்குப் போனேன். தோளைத் தூக்குகிற தசைநார் வீங்கியிருக்கிறது, கிழியவில்லை, பயிற்சி செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ஒரு சிங்கள மிஸ் இருந்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். எனக்குப் பொறுமை அந்த அளவுகூட வராது.

"மல்லி, குனிஞ்சு மேசைய ஒரு கையால புடிங்க. வலிக்கிற கைய சும்மா தொங்க விடுங்க. இப்ப சின்ன வட்டம் போடுங்க. ஹெமின், ஹெமின்" என்றார். அவர் பாஷையில் மல்லி என்றால் தம்பி, ஹெமின் என்றால் மெதுவாக. அடுத்தது, சுவரில் விரல்களை வைத்து நண்டு ஏறுவதுபோல மேலே நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

"எத்தன கிலோ தூக்கணும் மிஸ்?"

"ஒன்னும் தூக்க வேணாம்."

"அப்புறம் எப்பிடி மிஸ் பலம் வரும்?"

"முதல்ல வலி போகணும். பலம் பொறகு. வலி வந்தா நிப்பாட்டணும். வீரம் வேணாம்."

அடுத்த மாதம் கல்யாணம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அதுக்குள்ள முழுசா சரி வராது. பொண்ணு வீட்டுல சொல்லிடுங்க மல்லி" என்றார்.

சொல்வதா? மாப்பிள்ளைக்குக் கை விளங்காது என்று ஒருத்தர் வாய் திறந்தால் போதும், நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எல்லாத் தோட்டத்துக்கும் போய்விடும். அம்மாவிடமும் அக்காவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மணப்பெண் மகேஸ் வீடியோ கோலில் வரும்போதெல்லாம் இடது கையால்தான் போனைப் பிடித்தேன்.

"என்னாங்க, எப்பவும் அந்தக் கையிலயே புடிக்கிறீங்க?"

"சிக்னல் இந்தப் பக்கந்தான் வருது."

மடுல்சீமையில் சிக்னல் படுத்தும் பாடு ஊருக்கே தெரியும் என்பதால் அவள் நம்பிவிட்டாள். அவள் நம்பியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பயிற்சியும் நடந்தது. புதுச் சுவரில் என் விரல் தடங்கள் வரிசையாக ஏறின. "ஒங்கையால அடிச்ச பெயின்ட ஒங்கையாலயே நாசமாக்குறியேடா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் கை, தினம் ஒரு விரற்கடை என்ற கணக்கில் மேலே போகத்தான் செய்தது. அப்படியே விட்டிருந்தால் முகூர்த்தத்துக்குள் ஓரளவுக்குத் தேறியிருப்பேன். விட்டேனா?

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. வெறுங்கையால் வட்டம் போட்டால் இவ்வளவு பலன் என்றால், கனத்தோடு போட்டால் எவ்வளவு பலன்! காலிப் பெயின்ட் வாளியில் மணலை நிரப்பி, வலது கையில் தொங்கவிட்டு, குனிந்து நின்று சுற்றினேன். சின்ன வட்டம் அல்ல, பெரிய வட்டம். வேர்த்தது. ஆகா, இதுதான் உடற்பயிற்சி என்று நினைத்த நேரத்தில் தோளுக்குள் ஏதோ சுரீரென்று இழுத்தது. வாளி போய் அக்காவின் காலடியில் விழுந்தது.

"சொல்லிரலாம்டா அவுங்க வீட்டுல" என்றாள் அக்கா.

"பேசாம இரு. எல்லாம் சரியாயிரும்."

முகூர்த்தத்தன்று வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மணவறையில் உட்கார்ந்தேன். ஐயர் தாலியை என் கையில் கொடுத்து, "ம், கட்டுங்க தம்பி" என்றார். மேளக்காரர் முழக்கினார். அட்சதை மழையாக விழுந்தது. இடது கை ஒரு முனையோடு மகேஸின் கழுத்தைச் சுற்றிப் போய்விட்டது. வலது கை நெஞ்சு வரை வந்து அப்படியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். அட்சதை தீர்ந்துபோய், கிழவிகள் பாயில் கிடந்ததைப் பொறுக்கி மறுபடியும் போட்டார்கள். மேளக்காரர் முகம் சிவந்து, இன்னுமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் கடைசியாக ஒரு மூச்சு இழுத்துத் தூக்கினேன். விரல்கள் மரத்துப்போய், தாலி நழுவி மகேஸின் மடியில் விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது. "ஐயையோ" என்று யாரோ அலறினார்கள். இரண்டாம் முடிச்சும் மூன்றாம் முடிச்சும் போடப் பின்னால் தயாராக நின்ற அக்கா, ஒரே பாய்ச்சலாகக் குனிந்து தாலியை எடுத்து, அத்தனை முடிச்சையும் அவளே போட்டுவிட்டு, "ஏன் நிப்பாட்டிட்டீங்க, அடிங்க!" என்று மேளக்காரர்மேல் பாய்ந்தாள். அடித்தார்.

ஆனால் பந்தலில் பேச்சு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையாம். வேறு எங்கேயோ தொடுப்பாம். கட்டாயக் கல்யாணமாம். சாப்பாட்டுப் பந்தியில் சோற்றோடு அதையும் சேர்த்துப் பரிமாறினார்கள். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்ததற்கு, என் கையைப் பற்றி உண்மையிலேயே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்செல்லாம், மகேஸிடம் என்ன குறை என்பதைப் பற்றித்தான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பந்தலை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வேனில் வந்துகொண்டிருக்கும்போது மகேஸ் என் பக்கம் திரும்பாமலே மெல்லக் கேட்டாள்.

"என்னையப் புடிக்கலையாங்க?"

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். பெயின்ட், மிஸ், வட்டம், மணல் வாளி, சிக்னல் எல்லாவற்றையும். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கும் தோளு அப்பிடித்தான். அவுங்களுக்குத் தல சீவி விடுறதே நாந்தான். கொழுந்து எடுத்து எடுத்து எங்க லயத்துல பாதிப் பேருக்குக் கைய தூக்க ஏலாது. இத ஒரு விஷயம்னு மறைச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்." இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "சொல்லியிருந்தா நான் குனிஞ்சு குடுத்திருப்பேன்ல?"



மிஸ்ஸிடம் திரும்பப் போனேன். மணல் வாளிக் கதையைக் கேட்டு, "அனே மல்லி!" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முதலில் இருந்து தொடங்கச் சொன்னார். இந்தத் தடவை மகேஸ் அவள் அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள். மருமகன் எதிரே நிற்கவே கூச்சப்படுகிற என் மாமியாரும் நானும், முக்காடும் மரியாதையுமாக, பக்கத்துப் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சுவரில் விரல் ஏற்றினோம். அவர் பொறுமைசாலி. எனக்கு முன்னால் உச்சிக்குப் போய்விட்டார்.

ஊர்ப் பேச்சு ஓய்வதற்கு என் தோள் சரியானதைவிட அதிக நாள் பிடித்தது. மகள் பிறந்த பிறகுதான் முழுவதும் அடங்கியது. அந்த மகளோ வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்ப அத்தையா அம்மாவுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டு வைத்தாள். அன்றிலிருந்து அக்கா வாசலில் கால் வைத்ததும், "வாங்க மாப்பிள்ளை" என்றுதான் மகேஸ் வரவேற்கிறாள். எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தால், "நான் எனக்குத் தாலி கட்டுனவுங்ககிட்ட பேசிக்கிறேன்" என்று அக்காவுக்குப் போன் போடுகிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆடி பதினெட்டுக்குத் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். போன ஆடியில் கயிற்றை நான் கையில் எடுத்துக்கொண்டேன். "இந்த வருஷம் நானே கட்டுறேன் மகேஸ். பாரு, கை நல்லாப் போகுது" என்று வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிக் காட்டினேன்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கயிற்றை என்னிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"வேணாங்க. அண்ணி வரட்டும். பஸ்ஸு லுணுகலைய தாண்டிருச்சாம்."

தூக்கிய கையை இறக்கிக்கொண்டு, அக்காவுக்குத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.